றங்குப்பெட்டியில் கிடந்த ரிவோல்வர் உறை

எங்கள் வீட்டில் ஒரு ரிவோல்வர் உறை இருக்கிறது. ரிவோல்வர் இல்லை, உறை மட்டும்தான். அப்பப்பா பர்மாச் சண்டைக்குப் போய் ஜப்பான் ஒவ்விசர் ஒருவரிடம் பறித்த துவக்கின் உறை என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். வீடு திருத்துவதற்காக றங்குப்பெட்டியை ஒதுக்கியபோது அது மறுபடி கைக்கு வந்தது. இந்த முறை என்ன சாமான் என்று அறிந்துவிடுவது என்று இருந்தேன்.

உறைக்குப் பதில் துவக்கே அகப்பட்டிருந்தால் அது வேறு விசயம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க இங்கே இலங்கையில் 1916 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இடம் கொடாது. கறள் பிடித்ததென்றாலும் உள்ளே ரவை இருக்கலாம். அப்படி ஏதும் கண்டால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

ஜப்பான் கதை அதிக நேரம் நிற்கவில்லை. அவர்களின் ரிவோல்வர் 26 ஆம் வகை, 1893 இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஒவ்விசர்மாரிடம் கூடுதலாக இருந்தது 14 ஆம் வகை நம்பு பிஸ்டல், 1925 இல் வந்தது. இவற்றின் உறைகள் பெரும்பாலும் தோல், மூடி குவிந்து நிற்கும். எங்களுடையது தடித்த நாடா நெசவுத் துணி. மூடியை உயர்த்தி ரோச் லைற் அடித்தபோது உள்ளே கறுப்பு மையில் எம். ஈ. கோ. என்ற எழுத்துகளும் 1941 என்ற ஆண்டும் தெரிந்தன. பக்கத்தில் மூன்று கோட்டில் ஒரு சின்ன அம்பு. பிரிட்டிஷ் அரச உடைமைகளில் அடிக்கிற அம்பு அது. எழுத்துகள் லண்டன் மில்ஸ் எக்குயிப்மென்ட் கொம்பனியைக் குறிப்பவை. பிரிட்டிஷ் படைக்குப் பட்டிகளும் பைகளும் செய்துகொடுத்த பெயர்பெற்ற கொம்பனி.

நிறத்தில்தான் நான் கனநேரம் நின்றேன். வெளிப்பக்கம் வெளிறி எந்த நிறமென்றே தெரியாது. மூடி மடிகிற இடத்தை மெல்ல விரித்தால், வெயில் படாத அந்த ஒரு விரற்கடை அகலத்தில் மட்டும் நீலச்சாம்பல் இருந்தது. பிரிட்டிஷ் தரைப்படைக்குக் காக்கி. நீலச்சாம்பல் அவர்களின் விமானப்படையான றோயல் எயர் ஃபோர்ஸின் நிறம். தோய்த்துக் காயப்போட்டிருந்தால் முத்திரையும் போயிருக்கும், இந்த நிறமும் போயிருக்கும். பழைய சாமானைக் கண்டதும் சவர்க்காரம் எடுக்கிறவர்கள் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. பிரிட்டிஷ் ரிவோல்வர்களில் முதலாம் உலகப் போர்க்கால வெப்லி ஆறாம் மார்க் 286 மில்லிமீற்றர் நீளம், .455 ரவை. 1932 இல் எடுத்துக்கொள்ளப்பட்ட என்ஃபீல்ட் இரண்டாம் இலக்கம் 260 மில்லிமீற்றர், .38 ரவை. இரண்டையும் அளவுக்குக் காட்போட் மட்டையில் வெட்டி உறைக்குள் வைத்துப் பார்த்தேன். பெரியதற்கு மூடி பூட்டவில்லை. சின்னதற்குப் பித்தளைப் பொத்தான் சரியாக விழுந்தது. உள்ளே துப்புரவுக் கம்பி செருகுகிற ஒடுக்கமான பையும் இருக்கிறது. ஆகவே .38 ரிவோல்வர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என்ஃபீல்டா, வெப்லி நாலாம் மார்க்கா, அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்மித் அண்ட் வெசனா என்று உறையை வைத்துச் சொல்ல முடியாது. துவக்கு கையில் இருந்தால் பார்த்தவுடனேயே பிரித்துவிடலாம்: முதல் இரண்டும் மேலால் முறிந்து திறக்கும், ஸ்மித் அண்ட் வெசனில் ரவை உருளை பக்கவாட்டில் வெளியே வரும்.

இவ்வளவையும் கொண்டுபோய் மாமியிடம் சொன்னேன். அப்பாவின் மூத்த அக்கா, ஞாபகம் இன்னும் தெளிவு. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆர் சொன்னது பர்மா எண்டு? ஐயா பலாலி எயார்போட்டில களஞ்சியக் கிளாக்கரெல்லோ. சண்டை முடிய அங்கயிருந்து கன கன்வஸ் சாமான் வீட்டை வந்தது. உதுக்குள்ள அவர் பாளைக் கத்தி வைச்சவர்" என்றா. உறையின் அடியில் உள்ள நீளமான வெட்டு எப்படி வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

போர்க்காலத்தில் பலாலியில் ஓடுபாதை போட்டது றோயல் எயர் ஃபோர்ஸ். 2019 இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, இன்று சென்னைக்குப் பறக்கிற இடமும் அதுதான். கனடாவில் இருக்கும் தம்பிக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை, ஜப்பான் கதையையே வைத்திருப்போம் என்கிறான். எனக்கு அப்பப்பா சைக்கிளில் பலாலிக்குப் போய்வந்த கதைதான் பெரிது. அங்கே வேலைசெய்த எங்கள் ஆட்களைப் பற்றி எழுதிவைத்தவர்கள் குறைவு. 1990 இல் அந்தப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது படங்களும் கடதாசிகளும் வீடுகளோடு போய்விட்டன.

உறையை இப்போது வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பித்தளையின் பச்சைக் களிம்பை நான் தேய்க்கவில்லை. கூடவே மாமி சொன்னதையும் அளவுகளையும் எழுதிய தாள் ஒன்று. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்த நாட்களில் பலாலியில் வேலைசெய்திருந்தால், ஒரு சம்பளத்துண்டோ படமோ மிஞ்சியிருந்தால், எனக்கு அறியத் தாருங்கள்.