தேக்கம்பட்டியில் ஒரு நெய்விளக்கு

போன வருஷம், 2025 செப்டம்பர் 27. புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. காரமடை அரங்கநாதரைப் பார்த்துவிட்டு, அப்படியே தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயிலுக்கும் போய்வர வேண்டும் என்று அம்மா முந்தின வாரமே சொல்லி வைத்திருந்தாள். புரட்டாசிச் சனிக்குப் பெருமாள் சரி, காளி எதற்கு என்று கேட்டேன்.

"அன்னைக்குத்தான் கண்ணு அந்தப் பாப்பம்மாத்தா போய் வருஷம் ஆகுது. அவங்க ஊரு ஆத்தாகிட்ட ஒரு வெளக்குப் போடோணும்."

தேக்கம்பட்டி இயற்கை விவசாயி பாப்பம்மாளை அம்மா நேரில் பார்த்ததில்லை. டிவியில் பார்த்ததோடு சரி. 2021-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 105 என்றார்கள். கோவைக்கு வந்த பிரதமர் அந்தப் பாட்டியின் முன் குனிந்து கும்பிட்ட படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. அம்மா அதை வெட்டி அரிசி டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்தாள். இன்னும் இருக்கிறது.

எங்கள் ஊர் அன்னூர்ப் பக்கம். விடியலிலேயே கிளம்பிவிட்டோம். காரமடையில் சனிக்கிழமைக் கூட்டம், நெற்றி நிறைய நாமத்தோடு தாசர்கள், துளசி வாசம். காரைப் புதரில் பசு ஒன்று தினமும் பாலைச் சொரிய, மாட்டுக்காரர் அங்கே தோண்டிப் பார்த்தபோது கிடைத்த சுயம்பு என்பது தலவரலாறு. ஊருக்குக் காரமடை என்று பேர் வந்ததும் அந்தக் காரையால்தான். மாடு மேய்க்கிறவருக்கு முதலில் காட்சி கொடுத்த சாமி என்பதால் அம்மாவுக்கு இந்தப் பெருமாள் மேல் தனிப் பிரியம். இங்கே சடாரிக்குப் பதில் ராமபாணத்தைத் தலையில் வைத்து ஆசி தருவார்கள். அதற்காக அவள் முக்காட்டை விலக்கிக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மேட்டுப்பாளையம் தாண்டி தேக்கம்பட்டி ரோட்டில் திரும்பியதும் காற்றே மாறிவிடுகிறது. வாழைத் தோப்பு, பாக்குத் தோப்பு, பின்னால் நீலமாய் மலை. கோயில் யானைகளுக்கு நலவாழ்வு முகாம் பல வருஷம் நடந்தது இந்தப் பவானிக் கரையில்தான்.

போகும் வழியெல்லாம் அம்மா பாப்பம்மாள் கதைதான் பேசினாள். தேவலாபுரத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட, தேக்கம்பட்டியில் பாட்டிதான் வளர்த்திருக்கிறார். பாட்டி வைத்திருந்த கடை அப்புறம் இவர் கைக்கு வந்தது. கடையில் சேர்ந்த காசில் பத்து ஏக்கர் போல நிலம் வாங்கினார். வயதானபின் மீதியை விற்றுவிட்டு இரண்டரை ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டார். ரசாயன உரம் போடாமல் பயறும் காய்கறியும் வாழையும் வெள்ளாமை செய்தார். நூறைத் தாண்டியும் காட்டு வேலைக்குப் போனார். வேளாண் பல்கலைக்கழகத்தோடும் நெடுநாள் தொடர்பு.

விருது, பிரதமர் எல்லாம் அம்மாவுக்கு இரண்டாம்பட்சம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தாள்.

"சம்பாரிச்ச காசுல, அவங்க பேர்லயே வாங்குனாங்களாமா. அதும் அந்தக் காலத்துல."

இந்தப் பயணத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட சொந்தக்காரர் ஒருவர், "பெரியார் விருது வாங்குனவங்களுக்குக் காளி கோயில்ல வெளக்கா?" என்று கேட்டார். பாப்பம்மாள் பழைய தி.மு.க.காரர், உள்ளாட்சிப் பதவியிலும் இருந்தவர். 2024-ல் கட்சியின் முப்பெரும் விழாவில் அவருக்குப் பெரியார் விருது. பத்து நாள் கழித்து, புரட்டாசி வெள்ளிக்கிழமை ஒன்றில் காலமானார். அம்மா அந்தக் கேள்விக்கு அசரவே இல்லை. "அவங்களா கேட்டாங்க? வெளக்குப் போடறவ நானு" என்றாள்.

கோயிலை ஒட்டியே பவானி. மேலே பில்லூர் அணையில் மின்சாரத்துக்குத் தண்ணீர் திறந்தால் ஆறு சட்டென்று ஏறிவிடும். அதனால் இறங்கிக் குளிக்க விடவில்லை, கரையிலேயே காலை நனைத்துக்கொண்டோம். மலையிலிருந்து வரும் தண்ணீர், சில்லென்றிருந்தது.

பகாசுரனை வதைக்கப் போகுமுன் பீமன் வணங்கிய அம்மன் இவள். நாட்டுப்புறக் கதையில் வரும் ஆரவல்லி சூரவல்லியை அடக்கக் கிளம்பிய அல்லிமுத்துவும் இவளிடம் உத்தரவு வாங்கித்தான் போனான் என்பார்கள். இன்றும் கிணறு வெட்ட, பெண் பார்க்க, நிலம் வாங்க என்று எதற்கும் இங்கே பூப்போட்டு அம்மனிடம் உத்தரவு கேட்கிறவர்கள் உண்டு. தீ மிதிக்கிற ஆடிக் குண்டத்தின்போது வந்திருந்தால் உள்ளே நுழையக்கூட முடியாது. நாங்கள் போனது நவராத்திரி நாள். கூட்டம் இருந்தாலும் நெருக்கடி இல்லை. அரளி மாலைக்கு நடுவே அம்மன் முகம் நன்றாகத் தெரிந்தது.

அம்மா நெய்விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள். அவளிடம் அது இருப்பது எனக்கே தெரியாது. உள்ளே இரண்டு கைப்பிடி கொள்ளு. போன வெள்ளாமையில் விதைக்கென்று எடுத்து, சாம்பல் பிசறி வைத்திருந்தது. பூசாரியிடம் கொடுத்து அம்மன் காலடியில் வைத்துத் தரச் சொன்னாள். "யார் பேருக்குங்க அர்ச்சனை?" என்று கேட்டார். "பாப்பம்மாளுங்க" என்றாள். அவர் ஒருமுறை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போனார். மணி அடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முடிச்சு திரும்பி வந்தபோது மேலே குங்குமமும் ஒரு எலுமிச்சம்பழமும் இருந்தன. அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கழுத்து எலும்பு தெரிய, ஐம்பது வருஷம் களை எடுத்ததில் வளைந்துபோன விரல்களோடு அவள் நின்றிருந்தாள். பதினேழு வயதில் எங்கள் தோட்டத்துக்கு வந்தவள்.

திரும்பும்போது ஒரு வாழைத் தோப்போரம் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பக்கக்கன்று எடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டாள். அப்புறம் மடியிலிருந்த முடிச்சைத் தடவியபடியே கேட்டாள்:

"நம்ம தோட்டத்துப் பட்டா யாரு பேர்ல கண்ணு இருக்குது?"

"அப்பா பேர்லதாம்மா."

அம்மா தலையை ஆட்டினாள். முடிச்சு தளர்ந்திருந்தது போல. பல்லால் கடித்து இறுக்கிக் கட்டி மறுபடி மடியில் செருகிக்கொண்டு, ஒரு மழை பெய்ததும் கிணத்துமேட்டுக் காட்டில் இதை விதைத்துவிட வேண்டும் என்றாள்.