உற்பத்தி நின்றுபோன ஒரு கைத்துப்பாக்கி

டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் கொண்டு செல்லலாம் என்ற செய்தியை, ஈரோடு, கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கு வந்து சேரும் இளைஞர்கள் பாதி மட்டுமே கேட்டுக்கொள்கிறார்கள். அந்தச் சலுகை, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தகுதி உள்ளவர்களுக்கே உரியது. எச்-1பி விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் நான் துப்பாக்கிக் கடையின் படியேறினேன். 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், கடைக்காரர் பின்னணிச் சோதனைக்கு அனுப்புகிறார். பெரும்பாலும் அன்றைக்கே விடை வந்துவிடுகிறது. பர்கூர் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்கு அஞ்சி நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் என் தாய்மாமா, அதற்கான உரிமத்துக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நடந்த நடையை நினைத்தால், இந்த வேகம் எனக்கு இன்றும் சற்று அச்சத்தையே தருகிறது.

நான் வாங்கியது சிக் சாவர் பி239. 1996இல் வெளிவந்த இந்த 9 மி.மீ. கைத்துப்பாக்கியின் மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கிச் செருகும் கூட்டில், 8 தோட்டாக்கள் நிற்கும். அதே நிறுவனம் 2018இல் கொண்டுவந்த பி365, உருவத்திலும் எடையிலும் இதைவிடச் சிறியதாக இருந்துகொண்டு 10 தோட்டாக்களை ஏற்றது. அதன்பின் பழையதற்குச் சந்தையில் என்ன வேலை? அந்த ஆண்டிலேயே பி239இன் உற்பத்தி நின்றது. ஆனாலும் அலுமினியக் கலவைச் சட்டகமும், சுடும்போது பின்வாங்கித் திரும்பும் மேற்பகுதியான எஃகு ஸ்லைடும் தரும் கனம், சுடும்போது கையில் உதைப்பைக் குறைக்கிறது. தோட்டாவை வெடிக்கவைக்கத் தட்டும் சுத்தியலைச் சுடாமலே பாதுகாப்பாகத் தாழ்த்துவதற்குத் தனி நெம்புகோல் இருக்கிறது. முதல் சுடுகைக்கு விசையை நீளமாக, அழுத்தி இழுக்க வேண்டியிருப்பது என்னைப் போன்ற பிற்காலத்தில் கற்றவனுக்குக் குறையன்று, காப்பு.

ஊருக்கு வந்திருந்தபோது மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது விலையை அன்று.

"ஏனுங்க மாப்ள, கம்பெனியே நிறுத்திப்போட்ட சாமானத்த எதுக்கு வாங்குனீங்க? ஸ்பிரிங் போச்சுன்னா யாருகிட்டப் போவீங்க?"

"நம்ம கெணத்து மோட்டாருக்கு நீங்க பண்றதுதானுங்க மாமா."

அவர் சிரித்தார். கம்பெனி பெயர்ப்பலகைகூட மறைந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டி, புஷ்ஷைக் கடைந்து போட்டு ஓட்டுகிற ஊர் எங்களுடையது. ஆனால் அந்த ஒப்புமை ஓரளவுக்குத்தான் செல்லும். மோட்டாருக்குக் கோவை லேத்துப் பட்டறையில் எதையும் கடைந்துகொள்ளலாம். துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாக்கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரோ சுத்தியலோ பழுதானால் நான் தேர்ந்த துப்பாக்கிப் பழுதுநீக்குநரிடம் போவேனே தவிர, அரத்தை எடுக்க மாட்டேன்.

உண்மையில் இத்தகைய சிறிய கைத்துப்பாக்கிகளில் முதலில் சோர்வது ஸ்பிரிங்தான். ஸ்லைடு பின்வாங்கும் தூரம் குறைவாக இருப்பதால், அதைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் பெரிய துப்பாக்கியில் உள்ளதைவிடக் கடுமையாக உழைக்கிறது. அது தளர்ந்தால், ஸ்லைடு ஒவ்வொரு முறையும் அலுமினியச் சட்டகத்தின்மேல் ஓங்கி மோதும். ஸ்பிரிங்கை மாற்றிவிடலாம், விரிசல் விட்ட சட்டகத்தை மாற்ற முடியாது. நல்லவேளையாக, பென்சில்வேனியாவின் வுல்ஃப் நிறுவனம் பழைய மாடல்கள் பலவற்றுக்கும் ஸ்பிரிங் செய்து விற்கிறது. மேகசின்தான் அதைவிடத் தலைவலி. இதே மாடலின் .40 அங்குலத் தோட்டா வகைக்கான மேகசின் 7 தோட்டாக்களுக்கானது. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் 9 மி.மீ.க்கு உதவாது. எனவே உற்பத்தி நின்ற மாடலைத் தேடுபவர்களுக்கு நான் சொல்வது, மேகசின் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத் துப்பாக்கிக்கு விலை பேசுங்கள் என்பதே.

குறிபார்க்க உதவும், இரவிலும் ஒளிரும் குறிகள் பழைய துப்பாக்கியில் மங்கியிருந்தால் விற்றவரை ஏசவும் வேண்டாம். அவற்றுள் இருக்கும் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருளின் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறையும் காலம், சுமார் 12.3 ஆண்டுகள், துடைத்து அதை மீட்க முடியாது, குறிகளையே மாற்ற வேண்டும்.

சுட்டுவிட்டு வந்த அன்றே, மேகசினைக் கழற்றி, குழலின் பின்புறத் தோட்டா அறையில் ஒன்றும் இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு பிரிக்கிறேன். குழலைத் துடைத்து, ஸ்லைடு ஓடும் தடங்களில் மட்டும் மெல்ல எண்ணெய் இட்டால் போதும். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஊற்றி வைத்தால் தூசிதான் சேரும். கரியில் ஈயம் கலந்திருப்பதால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தொடுவதில்லை. பிறகு அது பூட்டிய இரும்புப் பெட்டிக்குப் போகிறது. 17 வயது நிறையாத பிள்ளையின் கைக்கு எட்டும்படி, சுடத் தயாராக உள்ள துப்பாக்கியை அலட்சியமாக விடுவது டெக்சஸிலும் குற்றம் என்பதை, இங்கே எல்லாம் செல்லும் என்று நம்பும் நம்மவர் பலர் அறியாதிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது அதைக் கொண்டுவருவேனா என்று மாமா கேட்டார். இந்தியாவில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட குழல் வகை; சாதாரணக் குடிமகனுக்கு அதற்கு உரிமம் கிடைக்காது. தேர்தல் அறிவிப்பு வந்தால் தம் நாட்டுத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு பன்றி விரட்டும் அவருக்கு, இதை விளக்கச் சிரமம் இருக்கவில்லை. டெக்சஸை விட்டுக் கிளம்பும் நாளில் அதை உரிமம் பெற்ற கடைக்காரரிடமே விற்றுவிடுவேன். அதுவரை, சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையில் வேறு எதையும் வைப்பதில்லை, அந்தப் பையை எந்த விமானப் பயணத்துக்கும் எடுப்பதுமில்லை. மடிப்பில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா, கோவை விமான நிலையத்தில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வழக்காகிவிடும்.