அம்மாவின் கால் வீக்கமும் அந்த மூன்று மணி நேரமும்

விமானம் தரையிறங்கியபோது நள்ளிரவு தாண்டி இருபது நிமிடம். அடுத்த விமானத்துக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தபடியே வந்ததில் அம்மாவின் கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் சதையில் பதிந்திருந்தது. வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் காலை நீட்டினா போதும்டா" என்றார்.

கால் நீட்ட இடமில்லாத கட்டடம் ஒன்று உண்டென்றால் அது விமான நிலையம்தான். படுத்துவிடக் கூடாது என்பதற்காகவே நாற்காலிக்கு நாற்காலி நடுவில் இரும்புக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். அதனால் இந்தப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்த அன்றே என் கிரெடிட் கார்டில் லவுஞ்ச், அதாவது விமான நிலையத்துக்குள் இருக்கும் தனி ஓய்வறைக்குப் போகும் வசதி எப்படியென்று உட்கார்ந்து படித்துவிட்டேன்.

படித்ததற்குக் காரணம் உண்டு. போன வருடம் வேறொரு வங்கியின் கார்டோடு ஒரு லவுஞ்ச் கவுன்ட்டரில் நின்றேன். கார்டைத் தேய்த்துப் பார்த்த பெண், அனுமதி வரவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். முந்தைய மூன்று மாதங்களில் குறிப்பிட்ட தொகை செலவு செய்திருந்தால்தான் உள்ளே விடுவோம் என்று வங்கி விதியை மாற்றியிருந்தது. அந்தத் தகவல் ஒரு நீண்ட மின்னஞ்சலின் அடியில் இருந்தது. பின்னால் வரிசை நிற்க, பையை இழுத்துக்கொண்டு திரும்பிய அந்த நிமிடம் இன்னும் மறக்கவில்லை. அம்மாவோடு அப்படி ஒரு நிலை வரக் கூடாது.

அதனால் இந்த முறை வங்கிக்கே போன் செய்து கேட்டேன். உடன் வருபவருக்கு இலவசமா, கட்டணமா? நம் கணக்கிலேயே குடும்பத்தாருக்குத் தரும் கூடுதல் கார்டான ஆட்-ஆன் கார்டு வைத்திருப்பவருக்குத் தனியாக அனுமதி உண்டா? வெளிநாட்டு விமான நிலையத்தில் வங்கி கார்டே போதுமா, லவுஞ்ச் உறுப்பினர் அட்டை வேண்டுமா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்த லவுஞ்ச் எந்த டெர்மினலில் இருக்கிறது? சில ஊர்களில் லவுஞ்ச் வேறு டெர்மினலில் இருக்கும். அங்கே போக இமிக்ரேஷனைத் தாண்ட வேண்டியிருந்தால், விசா இல்லாத ட்ரான்சிட் பயணிக்கு அது இருந்தும் இல்லாததுதான். இதை வங்கியில் சொல்ல மாட்டார்கள், விமான நிலையத்தின் வரைபடத்தில் நாமேதான் பார்க்க வேண்டும். அம்மா பெயரில் ஒரு ஆட்-ஆன் கார்டு வாங்கினேன். அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸையும் புறப்படும்போதே கையில் வாங்கி வைத்துக்கொண்டேன். அது இல்லாமல் பொதுவாக லவுஞ்சில் உள்ளே விட மாட்டார்கள்.

கவுன்ட்டரில் இருந்த இளைஞர் இரண்டு கார்டுகளிலும் இருந்த பெயர்களைப் போர்டிங் பாஸோடு ஒத்துப் பார்த்தார். மெஷினில் தேய்த்து ஒரு சீட்டு வந்தது, கையெழுத்துப் போட்டோம். "மூன்று மணி நேரம் இருக்கலாம் மேடம்" என்று அம்மாவைப் பார்த்தே சொன்னார். பல லவுஞ்சுகளில் விமானம் புறப்படுவதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில்தான் நுழைய முடியும். இங்கே ட்ரான்சிட் பயணிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இருக்கும் ஆறு மணி நேரத்தில் எந்த மூன்று மணி நேரம் என்பது மட்டும் எங்கள் கையில் இருந்தது.

விமானம் ஏறுவதற்கு முன் வைத்துக்கொண்டால் குளித்துப் புத்துணர்ச்சியாகப் போகலாம் என்று நான் யோசித்தேன். அம்மா யோசிக்கவே இல்லை. "கால் இப்பதானே வீங்கியிருக்கு?" என்றார். சரி என்று உள்ளே போனோம்.

முதலில் உணர்ந்தது அமைதியைத்தான். அதுவரை காதில் விழுந்துகொண்டிருந்த அறிவிப்புகள் கதவு மூடியதும் நின்றுவிட்டன. சூடான சாப்பாடு, பழம், காபி எல்லாம் இருந்தன. ஆனால் பலர் நேராகத் தட்டை எடுக்கப் போவது போல நாங்கள் போகவில்லை. ஷவர் அறைக்குப் பெயர் கொடுத்தோம். எங்களுக்கு முன்னால் நான்கு பேர். கையில் ஒரு சின்ன வட்ட பஸ்ஸரைக் கொடுத்தார்கள், முறை வரும்போது சிவப்பு விளக்கு எரிந்து அதிரும். அம்மா அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

அந்த நேரத்தில் ஒரு சாய்வு நாற்காலி காலியானது. அம்மாவின் காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அடியில் மடித்த சால்வையை வைத்தேன். மணிக்கணக்காக முழங்காலை மடக்கி அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்தம் மேலே ஏறுவது மந்தமாகி நீர் கணுக்காலில் தேங்கும். கால் உயரமாக இருந்தால் அது மெல்ல இறங்கும். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழேதான், உதடும் தொண்டையும் காய்ந்துவிடும். அதனால் காபிக்கு முன்னால் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்தேன்.

பஸ்ஸர் அதிர்ந்தது. அம்மா குளிக்கப் போனதும் லவுஞ்சைச் சுற்றிப் பார்த்தேன். 1939இல் நியூயார்க் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் லவுஞ்சைத் திறந்தபோது அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. 1992இல் தொடங்கிய பிரையாரிட்டி பாஸ், எந்த விமானத்தில் போனாலும் ஒரே அட்டையில் பல லவுஞ்சுகளுக்குப் போகலாம் என்று ஆக்கியது. 2013இல் கார்டு நிறுவனமான அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் லாஸ் வேகாஸில் தானே செஞ்சுரியன் லவுஞ்சைத் திறந்தது. இன்று எக்கானமி டிக்கெட்டில் வந்த என் அம்மா இங்கே வெந்நீரில் குளிக்கிறார். கூட்டம் கூடிவிட்டது, வரிசை நீண்டுவிட்டது என்று பலர் குறைப்படுவது எனக்கும் தெரியும். எனக்கு இந்தக் கூட்டம் பிடித்தே இருந்தது. பக்கத்து சோபாவில் ஒரு இளம் தாய் குழந்தையை மார்பில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கார்டுகள் வந்ததால்தான் இந்த இடம் அவருக்கும் கிடைத்திருக்கும் என்று தோன்றியது.

அம்மா வெளியே வந்தார். நனைந்த முடியை உதறிக் கொண்டை போட்டிருந்தார். முகத்தில் களைப்பு பாதி போயிருந்தது. எட்டிப் பார்த்தேன், கண்ணாடியிலும் தரையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பயன்படுத்திய டவலை நான்காக மடித்து ஓரத்தில் வைத்திருந்தார். சுத்தம் செய்ய வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு அம்மாவின் கையைத் தொட்டார். இருவருக்கும் பொது மொழி கிடையாது.

அப்புறம் சூப், ரொட்டி, பழம். பிறகு அம்மா ஒன்றரை மணி நேரம் தூங்கினார். இங்கே போர்டிங் அறிவிப்பு கிடையாது என்பதால் நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் கேட் எண் நடுவில் ஒருமுறை மாறவும் செய்தது.

நேரம் முடிந்து வெளியே வரும்போது செருப்பின் வார் தளர்வாக இருந்தது. அம்மா என் தோளைப் பிடிக்கவில்லை. கேட் வரை நடந்து, அங்கே இருந்த இரும்பு நாற்காலியில் மீதி நேரத்தைப் பேசியே கழித்தோம்.

"திரும்பி வரும்போதும் இந்த வழிதானே?" என்று கேட்டார்.

டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். வரும்போது இடைவெளி ஒரு மணி பத்து நிமிடம்தான். உட்கார்ந்த இடத்திலேயே போனை எடுத்து, தேதியை மாற்ற எவ்வளவு ஆகும் என்று பார்க்க ஆரம்பித்தேன்.