பேச்சும் பிடியும்: பள்ளிகளுக்குக் காட்டுயிர்களைக் கொண்டுபோகும் வேலை

காட்டுயிர்களைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய்க் காட்டும் வேலையில் பேச்சு பாதிதான். பேசிக்கொண்டிருக்கும்போதே கையிலிருக்கும் உயிரைக் கவனிப்பது மறுபாதி. இரண்டையும் ஒன்றாகச் செய்யக் களத்தில்தான் பழக முடியும். அதனால் புதியவர்களுக்குப் பிரித்துப் பழக்குவது நல்லது. முதலில் பெட்டி கழுவுவது, எடை பார்ப்பது. அடுத்து, மூத்தவர் பேச, உயிரினத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது. பிறகு வெறுங்கையோடு பேசுவது. இரண்டும் சேர்வது கடைசியில்தான்.

பாம்பைக் கொண்டுபோவதென்றால் வேலை இரண்டு நாள் முன்பே தொடங்கிவிடும். இரை தின்று 48 மணி நேரமாவது ஆகாத பாம்பைத் தூக்கினால் கக்கிவிடக்கூடும். இரையோடு வரும் வயிற்று அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அப்புறம் பத்து நாளாவது இரை கொடுக்காமல் பொறுக்க வேண்டும். கண் பால்போல நீலம் பாய்ந்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, பார்வை மங்கியிருக்கிறது என்று பொருள். அதைக் கொண்டுபோகக் கூடாது. புதியவர்கள் ஏமாறுவது அதற்குப் பிறகு: உரிப்பதற்குச் சில நாள் முன்பே கண் தெளிந்துவிடும். சட்டை முழுதாகக் கழன்ற பிறகே பாம்பு தயார். எலியையோ முயலையோ தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பாம்பை எடுக்கவும் கூடாது. அந்த வாசனைக்கு அது கையையே இரையாக நினைக்கும்.

ஆந்தைக்கு வேறு கணக்கு. தினமும் ஒரே நேரத்தில் கிராம் கணக்கில் எடை பார்க்க வேண்டும். பறவைகள் நோயை வெளியே காட்டாது. பல நேரம் எடைதான் முதலில் சொல்லும். தின்ற எலியின் முடியும் எலும்பும் உருண்டையாக வாய்வழியே வந்த பிறகே பயணப் பெட்டியில் ஏற்றலாம். வகுப்பறைக்குள் நுழைந்ததும் மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைச் சாத்தி, மணி எப்போது அடிக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையுறையிலிருந்து ஆந்தை பாய்ந்து தலைகீழாகத் தொங்கினால் அதன் காலில் கட்டிய வாரைப் பிடித்து இழுக்காதீர்கள். மற்றக் கையை முதுகுப் பக்கமாகக் கொடுத்து, மெல்ல மேலே ஏற்றி உட்கார வைக்க வேண்டும்.

பார்வையைப் பழக்குவதுதான் இந்த வேலையில் மிகக் கடினம். இறகை ஒடுக்கி, ஒல்லியாக நிமிர்ந்து, கண்ணைக் கீற்றாகச் சுருக்கிய ஆந்தையைப் பார்த்தால் தூங்குகிறது என்றே எல்லோரும் நினைப்பார்கள். அது பயந்திருக்கிறது. வாயைத் திறந்து தொண்டை துடித்தால் சூடு தாங்கவில்லை. பாம்பு கழுத்தை வளைத்துப் பின்னிழுத்தால் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்தி, பெட்டிக்குள் விட்டுவிட வேண்டும்.

அப்படி நிறுத்தத் துணிவு வேண்டும். எதிரே குழந்தைகள் ஆவலோடு இருப்பார்கள். அடுத்த வகுப்புக்கும் ஒருமுறை காட்டச் சொல்லி ஆசிரியர் கேட்பார். உரித்த சட்டை, மண்டையோடு, ஆந்தை உருண்டை நிரப்பிய ஒரு தனிப்பெட்டி கூடவே இருந்தால் தயங்காமல் மறுக்கலாம். ஓர் உயிருக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம் போதும். மீதி நேரத்தைத் தனிப்பெட்டி பார்த்துக்கொள்ளும். உருண்டையைப் பிரித்து எலும்பு தேடும் பிள்ளைகள் ஆந்தையை மறந்தே போவார்கள்.

குழந்தைகள் தரையில், இரண்டு மீட்டர் தள்ளி, அரைவட்டமாக உட்காரட்டும். தொட அனுமதித்தால் பாம்பும் ஆமையும் மட்டும். பாம்பைப் பிடித்திருப்பவர் அதன் தலையைத் தம் பக்கம் திருப்பிக்கொள்ள, பின்பாதியில் இரண்டு விரலால், வால் நோக்கித் தடவலாம். ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கலாம் என்பதால் 20 வினாடி சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். சானிடைசர் அதற்கு ஈடாகாது. ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் தொடவே வேண்டாம்.

“கடிக்குமா?” என்று கேட்டால், கடிக்கும் என்றே சொல்லுங்கள், எப்படிப் பிடித்தால் கடிக்காது என்பதைக் காட்டுங்கள். வீட்டில் வளர்க்கலாமா என்ற கேள்விக்காகக் காத்திருக்க வேண்டாம். இறக்கை முறிந்தோ, மனிதர் கையில் வளர்ந்தோ காட்டுக்குத் திரும்ப முடியாததால்தான் இது நம்மிடம் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கையில் அமைதியாக இருக்கும் உயிரைப் பார்த்த குழந்தைக்கு ஆசை வருவது இயல்பு.

திரும்பியதும் தண்ணீர் வைத்து, பெட்டிகளைக் கிருமிநாசினியால் கழுவி, ஒவ்வோர் உயிரும் எத்தனை நிமிடம் வெளியே இருந்தது, எந்த அறிகுறி காட்டியது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அடுத்த பள்ளிக்கு யார் போவது, யாருக்கு ஓய்வு என்பதை அந்தப் பதிவேட்டைப் பார்த்தே முடிவு செய்கிறோம்.