இயந்திர அறையிலிருந்து தெரியாத கால்வாய்

1980-களில் சரக்குக் கப்பல்களில் பொறியாளராக வேலை பார்த்தபோது பனாமா கால்வாயை ஆறு முறை கடந்திருக்கிறேன். ஒரு முறைகூட அதைப் பார்த்ததில்லை. கால்வாய்க்குள் நுழைந்தது முதல் வெளியேறும் வரை இயந்திர அறையில்தான் நிற்க வேண்டியிருக்கும். மேலே கப்பலைச் செலுத்தும் தளத்திலிருந்து வேக உத்தரவு சொல்லும் டெலிகிராப் மணி அடிக்கும், நாங்கள் 'டெட் ஸ்லோ அஹெட்' (மிக மெதுவாக முன்னே) கொடுப்போம், பிறகு நிறுத்துவோம், மறுபடியும் மணி அடிக்கும். எனக்குத் தெரிந்த பனாமா கால்வாய் அந்த மணிகளின் வரிசைதான்.

2019 பிப்ரவரியில் ஏழாவது முறையாகக் கடந்தபோது கப்பலும் என்னுடையது, கப்பல் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறியதும்கூட. ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் வாங்கி, ஐந்து ஆண்டுகளாகக் குடியிருந்துவந்த, மீன்பிடிப் படகின் வடிவில் கட்டப்பட்ட 'டிராலர்' வகை மோட்டார் படகு அது. ஒரே ஒரு டீசல் இயந்திரம். மணிக்கு ஆறரை கடல்மைல் வேகம். அந்த வேகத்தில் மணிக்கு ஒன்பது லிட்டர் டீசல் செலவாகும். 2,000 லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொண்டால், கையிருப்பு போக 1,200 கடல்மைல் வரை கவலையில்லாமல் போகலாம். அவசரப்படுகிறவர்களுக்கான வாகனம் இல்லை என்பதைப் புளோரிடாவில் அதை வாங்கிய வாரத்திலேயே இருவரும் புரிந்துகொண்டோம்.

முகவர் வைத்துக்கொள்ளாமல் நாமே விண்ணப்பிப்போம் என்று முடிவு செய்தது நான்தான். படிவத்தை நிரப்பி அனுப்பிய சில நாள்களில், கால்வாயின் கரீபியன் முனையிலுள்ள கோலோன் நகருக்கு எதிரே, ஷெல்டர் பே மரினா என்ற படகுத் துறைக்கு அளவையாளர் ஒருவர் நாடாவுடன் வந்தார். கால்வாய் ஆணையம் அளப்பது படகின் உடலை மட்டும் அன்று. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரத் தட்டு, பின்னால் டிங்கி என்ற சிறு துணைப்படகு தொங்கும் இரும்புக் கைகள் என்று நீண்டிருப்பவை அனைத்தையும் சேர்த்தே நீளம் கணக்கிடப்படும். அப்போது 50 அடிக்குள் ஒரு கட்டணம், அதைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் என்று இருந்தது. 44 அடிப் படகு என்று நான் நம்பிக்கொண்டிருந்த எங்கள் வீடு, அவருடைய நாடாவில் நாற்பத்தெட்டரை அடியாக வளர்ந்து, ஒன்றரை அடியில் தப்பியது. அத்துடன் படகுக்கு ஓர் அடையாள எண்ணும் கிடைத்தது. உரிமையாளர் மாறினாலும் அந்த எண் படகைவிட்டுப் போகாதாம். கோலோனில் வங்கிக்குப் போய்க் கட்டணத்தையும் திருப்பித் தரப்படும் வைப்புத்தொகையையும் கட்டிவிட்டு, மாலையில் தொலைபேசியில் கேட்டபோது கடக்கும் தேதியைச் சொன்னார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒன்பது நாள் கழித்து.

அந்த ஒன்பது நாளும் கயிற்றைப் பற்றிய கவலையிலேயே போயிற்று. சுக்கான் பிடிப்பவரைத் தவிர நான்கு பேர் கயிறு பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் 125 அடி நீளமும் முக்கால் அங்குலத்துக்கு மேல் தடிமனும் உள்ள நான்கு கயிறுகள் வேண்டும். கயிறுகளையும், பிளாஸ்டிக் தாள் சுற்றிய பழைய டயர்களையும் வாடகைக்கு எடுத்தோம். என் மனைவியுடன் சேர்ந்து கயிறு பிடிக்க, தங்கள் முறை வருமுன் ஒருமுறை பழகிக்கொள்ளலாம் என்று பக்கத்துப் பாய்மரப் படகுகளிலிருந்து மூவர் வந்தார்கள். கரையிலிருந்து வீசப்படும் மெல்லிய கயிற்றின் நுனியில் கனமான முடிச்சு இருக்கும், அது சூரியத் தகடுகளை உடைத்துவிடக்கூடும் என்று யாரோ சொன்னதால், எங்கள் படுக்கை மெத்தைகளையே கூரைமேல் விரித்துக் கட்டினேன்.

மாலையில் ஆலோசகர் வந்து ஏறினார். ஆணையத்தின் ஆள், சிறு படகுகளுக்கு அவரே வழிகாட்டி. அவருக்குச் சூடான சாப்பாடும் மூடி திறக்காத தண்ணீர்ப் புட்டிகளும் தரவேண்டும். சாப்பாடு பிடிக்காவிட்டால் கரையிலிருந்து வரவழைத்து, அதைக் கொண்டுவரும் படகின் செலவு உட்பட நம் கணக்கில் எழுதிவிடுவார்கள் என்ற பேச்சு மரினா முழுவதும் உலவியது. எங்கள் வீட்டுக் கோழிக்குழம்பை அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கியபோது என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், ஒன்பது நாள் நான் பேசிய பேச்சு முழுவதற்கும் பதில் இருந்தது.

படகுகளை நீரால் ஏற்றி இறக்கும் கதவடைப்புக்கு 'லாக்' என்று பெயர். முதலில் வரும் காட்டூன் லாக்கில் மூன்று அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் 305 மீட்டர் நீளம், 33.5 மீட்டர் அகலம். ஏரியின் நீர் தானாகவே அடித்தளத் துளைகள் வழியாகப் பொங்கி ஏறி, மூன்று அறைகளிலுமாக நம்மை 26 மீட்டர் உயர்த்திவிடுகிறது. எங்கள் இருபுறமும் இரண்டு பாய்மரப் படகுகளைக் கட்டி, இயந்திர வலு கூடியது என்பதால் என்னை நடுவில் வைத்து, மூன்றையும் நானே ஓட்டவேண்டும் என்றார் ஆலோசகர். சுவரோடு தொடர்பு வெளிப்படகுகளின் கயிறுகளுக்கு மட்டுமே. நாங்கள் அத்தனை கவலையோடு சேர்த்த நான்கு கயிறும் சுருள் கலையாமல் கிடந்தன.

எங்களுக்கு முன்னால் ஒரு சரக்குக் கப்பல் நின்றது. அறை நிரம்பிக் கதவு திறந்ததும், சுவர்மேல் ஓடும் மின்சார இழுவை வண்டிகள் கம்பிவடத்தால் அதை இழுக்கத் தொடங்கின. கூடவே கப்பலின் இயந்திரமும் ஓடியது. காலுக்கடியில் தண்ணீர் திரண்டு வந்து மூன்று படகுகளையும் ஒன்றாகத் தூக்கிப் பின்னால் தள்ளியது. பக்கத்துப் படகின் கயிறு முறுக்கேறி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்து விட்டது. அந்தக் கப்பலின் இயந்திர அறையில் யாரோ ஓர் இளைஞன் 'டெட் ஸ்லோ அஹெட்' கொடுத்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். எத்தனை முறை அதையே நான் செய்திருக்கிறேன்! எனக்குப் பின்னால் இப்படி யாராவது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்ற எண்ணம் அப்போதெல்லாம் எழுந்ததே இல்லை. அலை அடங்கும்வரை கயிற்றை அவிழ்க்கவிடாமல் ஆலோசகர் காத்திருந்தார். மூன்று அறையிலும் இதே கதை.

இரவு காட்டூன் ஏரியில் பெரிய ரப்பர் மிதவை ஒன்றில் கட்டிக்கொண்டு தூங்கினோம். முதலைகள் உண்டு என்பதால் குளிக்க இறங்கக் கூடாது. விடியலில் ஊளைக்குரங்குகளின் சத்தம் கேட்டு, இயந்திரத்தில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி நான் கீழே ஓடினேன்.

மறுநாள் ஆலோசகர்கள் வெவ்வேறு நேரத்தில் வந்ததால், பெத்ரோ மிகேல் லாக்கில் நாங்கள் தனியாக, அறையின் நடுவில் நான்கு கயிற்றில் நின்றோம். இறங்கும்போது சிறு படகு முன்னால், கப்பல் பின்னால். இறங்குவது எளிது, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்பார்கள். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று, படகின் முன்பகுதியில் வலப்பக்கக் கயிற்றைப் பிடித்திருந்த என் மனைவியிடம், கயிறு சுற்றும் உலோகக் கொம்பான கிளீட்டில் ஒரு சுற்று கூடுதலாகப் போடச் சொன்னேன். தண்ணீர் இரண்டு மீட்டர் இறங்கியிருக்கும். அந்தக் கூடுதல் சுற்று அடிச்சுற்றின்மேல் ஏறி இறுகிக்கொண்டது. கீழே போகும் நீரோடு படகு போக, கயிறு மட்டும் போக மறுத்தது. கிளீட் முனகியது, தளம் சாய்ந்தது. "ஏங்க, வரமாட்டேங்குது!" என்றாள். நான் கத்தியைத் தேடினேன். ஆலோசகரோ இடப்பக்கத்தவர்களைக் கயிறு விடச் சொல்லிவிட்டு, முன்பக்க உந்தியால் படகை வலச்சுவரை நோக்கி இரண்டடி தள்ளச் சொன்னார். கயிறு ஒரு கணம் தளர்ந்தது. அந்தக் கணத்தில் அவள் சுற்றைப் பிடுங்கி எறிந்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. பிறகு கடைசி லாக்கான மிராஃபுளோரஸின் இரண்டு அறைகளிலும் எத்தனை சுற்று போடுவது என்பதை அவளே முடிவு செய்தாள்.

பசிபிக் முனையிலுள்ள பால்போவாவில் டயர்களையும் கயிறுகளையும் ஒப்படைத்துவிட்டு, அமாடோர் கரைப்பாதை அருகே நங்கூரம் இட்டோம். ஆழம் ஐந்து மீட்டர். கரீபியன் பழக்கத்தில் இருபத்தைந்து மீட்டர் சங்கிலி விட்டுவிட்டுப் படுத்தேன். கோலோன் பக்கத்தில் கடல்நீரின் ஏற்றவற்றம் அரை மீட்டர்கூட வராது. பசிபிக் பக்கத்திலோ ஐந்து மீட்டரைத் தாண்டும். நாங்கள் வந்து சேர்ந்தது வற்றத்தில். இரவு பதினொரு மணிக்குச் சங்கிலி விறைத்து இழுக்கும் ஓசை கேட்டு அவள்தான் எழுப்பினாள். விளக்கைப் போட்டு, இன்னும் இருபத்தைந்து மீட்டர் விட்டோம்.