நவம்பர் 1-க்கு முந்தைய ஆதாரம்

கன்னியாகுமரி மாவட்டத் தக்கலையில் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதும் பெரியவர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது, அவர் எனக்கு முதலில் சொல்லித்தந்தது மலையாள எழுத்து. "நிலம் தமிழ்நாட்டுல கெடக்கு, முன் ஆதாரம் மலையாளத்துல கெடக்கு. ரெண்டும் வாசிக்கத் தெரியணும்" என்றார். அப்புறம் கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்கு. அதோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆவணியிலிருந்து டிசம்பர் கடைசிவரை மட்டும் 824.

அந்த ஒன்றில்தான் நான் தவறினேன். 1132 ஆவணியில் எழுதிய ஒரு கிரய ஆதாரத்துக்கு 1957 என்று போட்டுவிட்டேன். பெரியவர் பேனாவை வாங்கி 1956 என்று திருத்தினார். "இடையில நவம்பர் 1 இருக்குல்லா? மாநிலமே மாறிப்போச்சு" என்றார்.

1956 நவம்பர் 1. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை திருநெல்வேலிக்குப் போனது. அதே நாளில் மலபார் கேரளத்துக்குப் போனது. தேவிகுளம், பீர்மேடு கேட்டும் கிடைக்கவில்லை. சும்மா வந்த நாள் இல்லை இது. 1954 ஆகஸ்ட் 11 அன்று இந்த இணைப்புக்கான போராட்டத்தில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்விட்டவர்கள் இருக்கிறார்கள்.

1967-இல் பேரவை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடத் தீர்மானம் நிறைவேற்றிய ஜூலை 18-தான் இப்போது தமிழ்நாடு நாள். அது சரியான தேர்வுதான். ஆனால் எங்கள் பக்கத்துக்கு நவம்பர் 1-ஐ விடப் பெரிய நாள் கிடையாது. அன்று காலை நாகர்கோவிலில், அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மார்ஷல் நேசமணி சிலைக்கு மாலை விழும்போது, எனக்கு அந்த 4 தாலுகாக்களின் காகிதக் கட்டுகள்தான் கண்ணுக்குள் வரும்.

ஒருநாள் ஒரு பாட்டி மஞ்சள் பையில் பழைய ஆதாரத்தோடு வந்தார். மடிப்புகள் கிழிந்து, ஓரம் பொடிந்திருந்தது. பேரனுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். நான் வாசித்து முடித்ததும், "மக்களே, இதுல எங்க அப்பன் பேரு எங்க இருக்கு?" என்று கேட்டார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அந்த எழுத்துதான் தெரியாது. மூன்றாவது வரியைக் காட்டினேன். விரலை அங்கேயே வைத்து, எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பழைய ஆதாரம் எது வந்தாலும், முதலில் பெயர் இருக்கும் வரியைத் தேடி, பக்கத்தில் பென்சிலால் தமிழில் எழுதிவைக்கிறேன்.