வெடித்த பித்தளைக் குடத்தைக் காப்பாற்றியது

திருகோணமலையில் எந்த உலோகம் பழுதானாலும் உப்புக்காற்றின் தலையில்தான் பழியைப் போடுவோம். எங்கள் வீட்டுக் கும்பக் குடத்தில் கழுத்துக்குக் கீழே மெல்லிய வெடிப்பு விழுந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். உப்புக்காற்று பித்தளையைக் கறுக்க வைக்கும், பச்சை பிடிக்க வைக்கும். நேர்கோடாகப் பிளப்பது வேறு கதை.

உப்புவெளிப் பக்கம் ஒரு முதியவர் இன்னமும் பித்தளை வேலை செய்கிறார். குடத்தைக் கையில் வாங்கியதும் வெடிப்பைப் பார்க்கவில்லை. கொட்டாப்புளியால் அங்கங்கே தட்டிக் கேட்டார். அடிவயிற்றில் மந்தமான சத்தம். கழுத்தருகே மட்டும் 'ணங்' என்றது.

"தம்பி, நெளிவெடுக்கிறன் எண்டு அடிச்சு அடிச்சே இந்த இடம் இறுகிப்போச்சு. முதல்ல இளக்கோணும்."

பித்தளையைக் குளிர்ந்தபடியே அடித்தால் ஒவ்வொரு அடிக்கும் அது இறுகும், உள்ளே இழுவிசை தங்கிவிடும். சூடாக்கினால்தான் இளகும். பட்டறைக் கதவைச் சாத்தி இருட்டாக்கிவிட்டு கழுத்துப் பகுதிக்கு மட்டும் நெருப்புக் காட்டினார். வெளிச்சத்தில் அந்த நிறம் கண்ணுக்குத் தெரியாதாம். இலேசான சிவப்பு எட்டிப்பார்த்ததும் நெருப்பை எடுத்துவிட்டார். அதற்கு மேல் போனால் உலோகம் சொரசொரப்பாகும், இன்னும் போனால் பித்தளையில் கலந்திருக்கும் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். விளிம்பில் சூடு ஏறாமல் ஈரச்சாக்குச் சுற்றியிருந்தார். விளிம்பு இளகினால் தூக்கும்போதே கோணிவிடும்.

சுட்ட தோட்டாக் கோதுகளைத் திரும்ப நிரப்புகிறவர்களும் இதே கணக்கில்தான் போகிறார்கள். அந்தக் கோதும் பித்தளைதான்: 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். நீளத் துவக்குக் கோதின் கழுத்தை மட்டும் இளக்குவார்கள். வெடியழுத்தம் தாங்கும் அடிப்பாகம் இறுக்கமாகவே இருக்க வேண்டும். கைத்துப்பாக்கிக் கோதை இளக்குவது அரிது. அதன் வாயை ஒவ்வொரு முறையும் விரித்துத் திரும்ப ஒடுக்குவதால் அங்கேதான் பிளக்கும். தேவைக்கு மேல் விரிக்காமல் விட்டாலே கூடக்காலம் வரும்.

பிறகு வேலை சுருக்கமாக முடிந்தது. வெடிப்பின் இரு நுனியிலும் பொட்டுத்துளை போட்டு அது ஓடாமல் நிறுத்தி, வெள்ளிப் பற்றாசு வைத்து அடைத்தார். வளைந்த கம்பியை உள்ளே விட்டு நெளிவைத் தள்ளினார். சத்தம் மறுபடி கூர்மையானதும் அடிப்பதை நிறுத்திவிட்டு இன்னொரு முறை சூடு காட்டினார். கறுப்பை எடுக்கப் புளியும் உப்பும்.

குடத்தை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். ஆட்டுக்கொட்டிலை ஒட்டிய சாய்ப்பில் என்றேன். அங்கே வைக்காதே என்று மட்டும் சொன்னார், காரணம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். பிரித்தானிய ஆட்சிக்கால இந்தியாவில், குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் கோதுகள் மாரிகாலத்தில் தாமாகவே பிளவு விட்டிருக்கின்றன. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அமோனியாதான் காரணம் என்று 1921இல் மூரும் உடன் ஆய்வாளர்களும் விளக்கினார்கள். உள்ளே இழுவிசை தங்கிய பித்தளையை ஈரமும் அமோனியாவும் சேர்ந்தால் பிளந்துவிடுமாம்.

குடம் இப்போது சாமியறை அலுமாரியில். சில உலோகப் பொலிஷ்களிலும் அமோனியா உண்டு என்பதால் அக்காவிடம் அந்தப் போத்தலையும் வாங்கி வைத்துவிட்டேன். புளி கரைக்க நேரமில்லை என்று அவளுக்குக் கோபம்.